பி53: புற்றுநோயைத் தடுக்கும் மரபணு இதயத்துக்கும் நல்லதுதானா?

புற்றுநோயைத் தடுக்கிற மரபணு என்று கேட்டதுமே, அது கூடக் கூட நல்லது என்று மனம் கணக்குப் போட்டுவிடும். இதய நோய் விஷயத்தில் முதல் சறுக்கல் இங்கேதான்.

பி53 கண்டுபிடிக்கப்பட்டது 1979இல். புற்றுநோயை உண்டாக்குவதே அதுதான் என்று முதலில் நினைத்தார்கள். 1989இல்தான் அது தடுக்கிற பக்கம் என்று தெளிவானது. ஒரு கலத்தின் டிஎன்ஏ பழுதுபட்டால் பி53 அது பிரிவதை நிறுத்தும், திருத்த அவகாசம் கொடுக்கும். திருத்தவே முடியாதென்றால் கலத்தையே சாக வைக்கும். தோலிலும் குடலிலும் அதனால் பெரிய நட்டமில்லை, புதுக் கலங்கள் வந்துவிடும். இதயத் தசைக்கு அந்த வசதி கிடையாது. 25 வயதிலேயே ஆண்டுக்கு நூற்றில் ஒன்று அளவுதான் புதுப்பிக்கப்படுகிறது, வயது போகப் போக அதுவும் குறையும். பிரஷரால் தடித்த இதயத்தில் பி53 மிகுந்தால் புது ரத்தக்குழாய்கள் முளைப்பது தடைப்பட்டு இதயம் பலவீனமாகும் என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்.

சரி, அப்படியென்றால் பி53 வில்லனா? அதுவும் தவறு. பி53 இல்லாத எலிகளின் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு வேகமாக வளர்ந்தது. இடத்துக்கு இடம் குணம் மாறும் மரபணுவைக் கூட்டுகிறோம் என்று யாராவது கெப்சூல் விற்றால் பர்ஸை மூடிவிடுங்கள்.

கனடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும், எச்சிலில் மரபணு பார்க்கும் டெஸ்ட் கிட் கொழும்பு வெள்ளவத்தை வீடுகளுக்கும் வருகிறது. ரிப்போர்ட்டில் 9பி21 என்று கண்டு, கேன்சர் மரபணு கெட்டுவிட்டதாகக் கலங்க வேண்டாம். அது புற்றுநோயைத் தடுக்கும் வேறு இரண்டு மரபணுக்களுக்குப் பக்கத்திலுள்ள ஓர் இடம். மாரடைப்போடு அதற்குள்ள தொடர்பு 2007இல் தெரியவந்தது. ஏராளமானோரிடம் உள்ள அந்த வேறுபாடு ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும். அதைவிட மோசம், ரிப்போர்ட் நல்லது என்று கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்துவது.

நடைமுறையில் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. மார்பகப் புற்றுநோய்க்கும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் கொடுக்கும் டொக்ஸோரூபிசின், சேலைன் குழாயில் சிவப்பாக இறங்கும் மருந்து, இதயக் கலங்களின் டிஎன்ஏயையும் முறிக்கும். அங்கேயும் பி53 விழித்துக்கொள்ளும்; கலங்கள் சாகும் வழிகளில் அது ஒன்று. மொத்த அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறும், பாதிப்பு பல வருடம் கழித்தும் தெரியலாம். இதற்குப் பயந்து சிகிச்சையை நடுவில் விடக்கூடாது. அளவைக் கணக்கு வைத்து, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

மகரகமை புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை முடித்து, பிறகு மூச்சு வாங்குகிறது என்று வேறொரு ஹார்ட் கிளினிக்குக்குப் போகிறவர்கள் பழைய கதையைச் சொல்வதில்லை. “அதெல்லாம் சுகமாகிவிட்டது, டொக்டர்” என்று முடித்துவிடுவார்கள். மருந்தின் பெயரும் மொத்த அளவும் எழுதிய டயக்னோசிஸ் கார்டை இசிஜி துண்டோடு சேர்த்து மேசையில் வையுங்கள். தொலைந்திருந்தால், சிகிச்சை எடுத்த இடத்தில் பிரதி கேளுங்கள்.