எந்தத் தண்ணீருக்கு எந்த ஃபிளை ராட்?

ஃபிளை (இறகு, நூலால் கட்டிய பொய் இரை) வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கம்புதான் ஃபிளை ராட். அதன் கைப்பிடிக்கு மேலே 4, 6, 8 என்று போட்டிருப்பது கம்பின் கனம் இல்லை. அதற்குப் பொருந்தும் லைனின், அதாவது தூண்டில் கயிற்றின் எண்; எண் கூடக் கூட லைன் கனம். 8ஆம் எண் ராடில் 5ஆம் எண் லைனைக் கோர்த்தால் கம்பு சரியாக வளையாது, வீச்சும் போகாது.

பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் ஒன்றே ஒன்றுதான் வாங்கப்போகிறோம் என்றால் 6 எடுங்கள். ஈயம் தோண்டிய பழைய குட்டைகளில் இருக்கும் திலாப்பியா மீனுக்கும் ஆற்றுச் செபாரா மீனுக்கும் அது போதும். காட்டுக்குள் கிளை தாழ்ந்த சின்ன ஓடையா? 3 அல்லது 4, கம்பும் குட்டையாக இருக்கட்டும்.

தோமான் (பெரிய விரால் வகை மீன்) கதை வேறு. தெமெங்கோர் ஏரியில் மூழ்கிக் கிடக்கும் மரங்களுக்குள்தான் அது பதுங்கும்; கடித்த வேகத்தில் மறுபடி உள்ளே ஓடப் பார்க்கும். இழுத்துப் பிடிக்க 8, 9 வேண்டும். தவளை போலக் கட்டிய பெரிய ஃபிளை காற்றைப் பிடிக்கும், லேசான லைன் அதைத் தூக்கிக்கொண்டு போகாது. பல் கூர்மை வேறு, அதனால் லைனின் நுனியில் ஃபிளையைக் கட்டும் நரம்பு தடிமனாக இருக்கட்டும். குஞ்சுகளோடு திரியும் தோமானை மட்டும் விட்டுவிடுங்களேன்.

அப்புறம், பகலில் காற்று ஏறும் திறந்த ஏரி என்றால் ஒரு எண் கூட்டிக்கொள்ளலாம்.