பிரஷர் பார்க்கக் கிளம்பும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, எங்கள் கரையோர ஊர்களில் பி.பி. மெஷினோடு வீடு வீடாகப் போகும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல காரியம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் புதிதாகச் சேர்ந்தவர்களோடு நானும் போய் வருகிறேன். எங்கள் காலத்துத் தவறுகளே மறுபடி நடக்கின்றன. சட்டைக்கை மேல் பட்டை கட்டுவது, பேசிக்கொண்டே அளப்பது எல்லாம் பயிற்சியிலேயே திருத்தப்படும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தரையில் உட்கார்ந்தவரின் கை

எல்லா வீட்டிலும் நாற்காலி இருக்காது. தரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பவர் கையைத் தொங்கவிட்டபடியே நீட்டுவார். பட்டை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே போனால் அளவு கூடுதலாகக் காட்டும். வாசலில் கிடக்கும் மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் கையை வைக்கச் சொல்லுங்கள். முதுகு சுவரில் சாயட்டும். ஐந்து நிமிடம் சும்மா இருக்கட்டும். அப்புறம் ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் கூடுதலாகத்தான் காட்டும்.

‘நார்மல் ஆயிருச்சுண்ணே’

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

விசைப்படகில் போகிற ஒருவர். ஐம்பதைத் தொடாதவர். முதலில் பார்த்தபோது 170/104. டாக்டர் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சில வாரத்தில் 128/80. பார்த்த பிள்ளை சந்தோஷத்தில், “நார்மல் ஆயிருச்சுண்ணே” என்றது. “அப்ப சரியாப்போச்சுல்ல?” என்று அவர் கேட்க, “ஆமாண்ணே” என்றும் சொல்லிவிட்டது. அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். தலைவலி, மயக்கம் ஒன்றும் இல்லை. கடலுக்கும் போய் வந்துகொண்டிருந்தார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து பிரஷ் நழுவியது. பேச்சு குழறியது. வெயில் அடித்துவிட்டது என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள். மூளையில் ரத்தக்கசிவு. பிறகு அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். “சரியாப்போச்சுன்னு அந்தப் பிள்ளதானே சொல்லுச்சு?” என்றார். நான் என்ன பதில் சொல்வது?

அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்தி வைக்கிறது. உடம்பில் மருந்து இருக்கும்வரைதான் அந்த வேலை நடக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் சில நாளிலோ வாரத்திலோ பிரஷர் பழைய இடத்துக்கு ஏறிவிடும். ஏறுவது அவருக்குத் தெரியாது. நான் இப்படிச் சொல்வேன்: “நங்கூரம் போட்டிருக்கிறதாலதான் படகு நிக்குதுண்ணே, தூக்கிறாதீங்க.” கடல்காரருக்கு அது உடனே புரியும். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் முடிவு, நம் வாயிலிருந்து வரக்கூடாது.

நிறுத்துவதற்கு வேறு காரணங்களும் இருக்கும். கேட்டால்தான் தெரியும். கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா) கால் வீங்குகிறது என்று நிறுத்தியிருந்தார். அம்லோடிபின் சிலருக்கு அப்படிச் செய்யும், டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். எனலாபிரில் என்ற பிரஷர் மாத்திரையில் வறட்டு இருமல் வரலாம், அதற்கும் மாற்று உண்டு. அட்டெனலால், மெட்டோபிரலால் என்ற பிரஷர் மாத்திரைகள் போடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம். தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறவர்களிடம், மாத்திரையைப் பாலித்தீன் பையில் சுற்றிப் படகிலேயே ஓர் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது.

“மாத்திரை போடுறீங்களா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். அட்டையை வாங்கிப் பாருங்கள்.

கருவாட்டை அடியோடு நிறுத்தச் சொல்வது

நடக்காத காரியம். சொன்னால் அடுத்த முறை உங்களைக் கண்டதும் சட்டியை மூடி வைப்பார்கள், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. கருவாட்டை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் உப்பு கொஞ்சம் இறங்கும். குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டாம். தினமும் என்பது வாரத்துக்கு ஒரு நாளாகட்டும். ஊறுகாய், அப்பளத்தையும் கேளுங்கள். இந்துப்பு நல்லது என்பவரிடம், அதுவும் சோடியம்தான் என்று சொல்லுங்கள்.

வலி மாத்திரையைக் கேட்காமல் விடுவது

வலை இழுப்பவருக்கு இடுப்பு வலி தீராது. மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தினமும் போடுவார்கள். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரஷர் மாத்திரை போட்டும் இறங்கவில்லை என்றால் முதலில் இதைக் கேளுங்கள்.

‘ஒல்லியா இருக்கேன், எனக்கேது கொழுப்பு’

ஒல்லியானவருக்கும் ரத்தத்தில் கொழுப்பு கூடும். ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

பூண்டு

பூண்டே போதும் என்பவர் சாப்பிடட்டும். மாத்திரையும் போடட்டும்.

வாய் கோணினால் காத்திருப்பது

வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல். இதில் ஒன்று வந்தாலும் உடனே 108. மோர், கஷாயம், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கக்கூடாது, புரையேறிவிடும். அடைப்பா கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். அடைப்பாக இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று வீட்டாரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.