சாய்ந்த மிதவை மேடையை நிமிர்த்திய விதம்
200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்கள் எட்டு, வரிசைக்கு நான்காகப் படுக்கவைத்தவை. பம்ப், இரும்புச் சட்டம், டிரம்கள் எல்லாம் சேர்த்து 800 கிலோ. மிதப்பில் குறையில்லை, டிரம்கள் பாதிதான் முங்கின. ஆனாலும் ஓராள் ஓரத்தில் நின்றாலே மேடை சாய்ந்தது.

காரணம் அகலம். இரு வரிசைகளுக்கும் மையத்துக்கு மையம் 1 மீட்டர்தான். 2 மீட்டராக்கினேன், டிரம்கள் நீர்மட்டத்தில் அடைக்கும் பரப்பு தரும் நிமிர்த்தும் திறன் ஏறக்குறைய நான்கு மடங்கானது. டிரம்மை மட்டும் கூட்டியிருந்தால் வீண்செலவு! எடை தாழ்வாக இருக்க, பம்பை மரக்கட்டைகள்மேல் வைக்காமல் சட்டத்திலேயே போல்ட் போட்டு இறக்கினேன்.

ஒரு டிரம்மில் மூடிவழி நீர் புகுந்திருந்தது. முழுக்க நிரம்பியதைவிடப் பாதி நிரம்பியது ஏமாற்றும்: சாயும் பக்கமே நீர் ஓடும். ரப்பர் வாஷர் மாற்றினேன்.

பாதிக்குமேல் முங்கவிடாதீர்கள், அதன்பின் டிரம்மின் நீர்மட்ட அகலம் குறையும், நிமிர்த்தும் திறனும் குறையும்.