புது கார்: முதல் ஆயிரம் கிலோமீட்டரில் மைலேஜ் கெடாமல் இருக்க

எஞ்சின் சிலிண்டரின் உள்சுவரில் மெல்லிய குறுக்குக் கீறல்கள் போட்டே தொழிற்சாலையில் முடிப்பார்கள். ஆயில் தங்குவதும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங் உரசி உட்காருவதும் அவற்றால்தான். எரிந்து விரியும் வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்த வேண்டும். பூப்போல ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த அழுத்தம் போதாமல் சுவரில் வழுவழுப்பான படலம் படியும்; ஆயில் குறையும், மைலேஜும் போகும். அடித்து ஓட்டினால் சூடேறி ரிங்கும் சுவரும் கீறிக்கொள்ளும். ஆக, மிதமான இழுவை, அதுவும் மாறி மாறி.

பெட்ரோல் வண்டியை 2,000 முதல் 3,000 ஆர்பிஎம்முக்குள்ளும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்), டீசலை 1,500 முதல் 2,500க்குள்ளும் வைத்தால் பெரும்பாலும் சரி. கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் இறுதி. ஆக்ஸிலரேட்டர் பெடலை முக்கால் பங்குக்கு மேல் மிதிக்க வேண்டாம்.

நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு, டெலிவரி எடுத்ததும் அவினாசியில் ஏறி சேலம் வரை ஒரே 80ல் விடுவது. அந்த ரோட்டில்தான் போயாக வேண்டுமென்றால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 60லிருந்து 80க்குச் சீராக ஏற்றி, காலை எடுத்து, கியரிலேயே 60க்கு இறங்க விடுங்கள். நியூட்ரல் கூடாது. கோபி–சத்தி, காங்கேயம்–தாராபுரம் மாதிரி ஊரும் வேகத்தடையும் குறுக்கிடும் ரோடுகள் இதற்கு இன்னும் நல்லது.

சாமி கும்பிட மருதமலை ஏறலாம், ஏற்றம் குட்டைதான். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் வால்பாறையின் 40ம் ஆயிரம் தாண்டட்டும். வேகத்தடை தாண்டி நாலாவது கியரிலேயே எஞ்சினை முக்க விடுவதும் வேகமாக ஓட்டுவதற்குச் சளைக்காத கெடுதல், கியரைக் குறையுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் போதும், சூடேறும்வரை மெதுவாக ஓட்டுங்கள். ஏசி போட்டு நின்ற இடத்தில் ஓடவிட வேண்டாம். தினம் இரண்டு கிலோமீட்டர் சந்தைக்கு மட்டும் போகிற வண்டியில் பெட்ரோல் ஆயிலோடு கலக்கும். வாரம் ஒருமுறையாவது 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

500 கிலோமீட்டரில், சமதளத்தில், அணைத்து ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக் பாருங்கள். முதல் சர்வீஸில் பல கம்பெனிகள் ஆயில் மாற்றுவதில்லை. மாற்றச் சொன்னால் கையேட்டில் உள்ள கிரேடுதான். 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் கெட்டியான ஆயிலைத் தள்ளவே பெட்ரோல் செலவாகும். டப்பாவில் விற்கும் சேர்மானங்கள் தேவையே இல்லை.

முதல் டேங்க் மைலேஜைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஆயிரத்துக்குப் பிறகு வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். 5,000 வரைகூட மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடலாம். கணக்குப் பார்க்க, பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓட்டி, அதே பெட்ரோல் பங்க்கில் மறுபடி நிரப்புங்கள்: 520 கிலோமீட்டருக்கு 29 லிட்டர் என்றால் லிட்டருக்கு 17.9. டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் போவதும் வருவதும் ஒன்றல்ல, அதனால் போக வர இரண்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.