வேதாளம் மரத்துக்கே திரும்புகிறதா? விண்வெளித் தொடர்களில் பாத்திர வளர்ச்சியைக் கண்டுபிடிக்க ஒரு செய்முறை

எபிசோடுக்கு ஒரு தனிக்கதை வரும் தொடரைப் பார்ப்பதா, ஒரே கதை ஐந்து சீசனுக்கு நீளும் தொடரைப் பார்ப்பதா? அறிவியல் புனைவுத் தொடர்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்புவார்கள். பாத்திரங்கள் வளர்வது இரண்டாவது வகையில்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அந்த நோட்டு முறையைத்தான் சொல்லப்போகிறேன். கதைத் திருப்பங்களை உடைக்காமல் இதை விளக்க முடியாது, மன்னிக்கவும்.

படி 1: வரிசையைக் கலைத்துப் பாருங்கள்

ஒரு சீசனின் நடுவிலிருந்து மூன்று எபிசோடுகளை எடுத்துப் பின்னிருந்து முன்னாகப் பாருங்கள். எல்லாம் புரிகிறதா? அப்படியானால் அது தனிக்கதைத் தொடர். 1966 முதல் 1969 வரை 79 எபிசோடுகள் வந்த முதல் ஸ்டார் ட்ரெக்கை இப்படித் தாராளமாகப் பார்க்கலாம். அன்று ஒரு வாரத்தைத் தவறவிட்டவருக்கு அதைத் தேடிப் பார்க்க வழி கிடையாது. மறுஒளிபரப்பு செய்யும் நிலையங்களுக்கும் எந்த எபிசோடை எப்போது போட்டாலும் ஓடுவதே வசதி. அதனால் விக்கிரமாதித்தன் எத்தனை முறை சுமந்து வந்தாலும் வேதாளம் முருங்கை மரத்துக்கே போவதுபோல, ஒவ்வொரு வாரமும் எல்லாரும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

படி 2: காயக் கணக்கு எழுதுங்கள்

நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம், ஒருவரை உலுக்கியிருக்க வேண்டிய சம்பவம். வலப்பக்கம், அதன் தழும்பு பிறகு எந்த எபிசோடில் தெரிந்தது என்பது.

முதல் ஸ்டார் ட்ரெக்கின் கேப்டன் கிர்க்கோடு தொடங்கலாம். 1967 ஏப்ரலில் ஒரு வாரம், வரலாறு மாறாமல் இருக்க, தான் நேசித்த பெண்ணைக் கண்ணெதிரே சாக விடுகிறார். அடுத்த வாரமே அண்ணனும் இறந்துபோகிறார். அடுத்த சீசனில் பார்த்தால் மனிதர் அதே சிரிப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் காலி.

அப்புறம் ‘ஸ்டார் ட்ரெக்: அடுத்த தலைமுறை’ (The Next Generation, 1987–1994) தொடருக்கு வாருங்கள். இதுவும் பெரும்பாலும் தனிக்கதைகள்தான். 1990-இல் போர்க் என்னும் இயந்திரக் கூட்டம் கேப்டன் பிக்கார்டைப் பிடித்துத் தன்னில் ஒருவராக மாற்றிவிடுகிறது. அவர் மீட்கப்பட்டதும் அடுத்த வாரம் புதுக் கிரகம், புதுப் பிரச்சினை என்று போயிருக்கலாம். போகவில்லை. பிரான்ஸில் உள்ள பிறந்த வீட்டுக்குப் போகிறார். அண்ணனோடு சேற்றில் கட்டிப் புரண்டு சண்டை போட்டு, கடைசியில் உடைந்து அழுகிறார். விண்வெளிச் சண்டை ஒன்றுகூட இல்லாத அந்த எபிசோடை எழுதியவர் ரொனால்ட் டி. மூர். பின்னாளில் புதிய பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற விண்வெளித் தொடரை உருவாக்கியவரும் இவரே.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஒரு புல்லாங்குழல். 1992-இல் வந்த ஒரு எபிசோடில், சில நிமிட மயக்கத்துக்குள் பிக்கார்ட் வேறொரு மனிதனாக ஒரு முழு வாழ்க்கையையே வாழ்ந்து முடிக்கிறார். மனைவி, பிள்ளைகள், பேரன், முதுமை எல்லாம் உண்டு. விழித்தபின் மிஞ்சியது அங்கே வாசிக்கக் கற்ற குழல் மட்டும். அடுத்த ஆண்டு, தான் விரும்பும் பெண்ணிடம் அந்தக் குழலை எடுத்து வாசித்துக் காட்டுகிறார். வளர்ச்சி தெரிய இவ்வளவு போதும்.

இனி எதிர்ப்பக்கம். நீண்ட போர்க்கதைக்காகவே புகழப்படும் இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான டீப் ஸ்பேஸ் நைனில் (1993–1999), 1996-இல், பொறியாளர் ஓ'பிரையனின் மூளையில் 20 வருடச் சிறைவாசத்தின் நினைவைச் சில மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். தற்கொலை விளிம்புவரை போய்த் திரும்புகிறார். அதற்குப் பிந்தைய எபிசோடுகளில் அந்த 20 வருடம் கிட்டத்தட்ட பேச்சிலேயே இல்லை. தொடர்கதைக்குள்ளும் வேதாளம் மரம் ஏறும்.

படி 3: மாறியது ஆளா, நிலைமையா?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பதவி உயர்வு, புதுக் கப்பல், கல்யாணம் இதெல்லாம் நிலைமை மாற்றம். ஆள் மாறியிருக்கிறாரா என்று தெரிய, ஒரே கேள்வியை அவரிடம் இரண்டு சீசன்களில் கேட்டுப் பாருங்கள்: "உனக்கு என்ன வேண்டும்?"

பாபிலோன் 5 என்ற விண்வெளித் தொடரில், ஒரு வேற்றுக்கிரகப் பேரரசின் தூதரான லோண்டோவிடம் முதல் சீசனிலேயே இந்தக் கேள்வியை ஒருவர் நேராகக் கேட்கிறார். தன் பேரரசின் பழைய பெருமை திரும்ப வேண்டும் என்கிறார் லோண்டோ. நான்காம் சீசனில் தன் கிரகத்தைக் காப்பாற்ற அதே பேரரசின் மன்னரைக் கொல்லத் திட்டம் போடுகிறார். ஐந்து வருடக் கதையை முன்கூட்டியே திட்டமிட்ட, தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி, 110 எபிசோடுகளில் 92-ஐத் தானே எழுதியதும் இதற்கு உதவியிருக்கும்.

டீப் ஸ்பேஸ் நைனில் நாக் என்ற பையனையும் பாருங்கள். முதல் எபிசோடில் திருட்டில் மாட்டிக்கொள்கிறான். பிறகு அப்பாவைப் போல வாய்ப்பே இல்லாமல் முடங்கிவிடக் கூடாது என்று படையில் சேர்கிறான். 1998-இல் போரில் காலை இழக்கிறான். செயற்கைக் கால் பொருத்தியாகிவிட்டது, ஆனால் பையன் விரும்பிய உலகை நிஜம்போல உண்டாக்கிக் காட்டும் ஒரு கற்பனை அறைக்குள் போய் ஒளிந்துகொண்டு வெளியே வர மறுக்கிறான். துணைப் பாத்திரம்தான். என் நோட்டில் வலப்பக்கம் அதிகம் நிரம்பியது இவனுக்குத்தான்.

படி 4: ஒரே ஆள், ஐந்து எபிசோடு

எல்லாரையும் பின்தொடர வேண்டாம், களைத்துப்போவீர்கள். சரி, தொடக்கத்துக்கு ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் வேண்டாம்; பொறியாளர், மருத்துவர், மதுக்கடைக்காரர் யாராவது. அவருக்குப் பெரிய அடி விழுந்த எபிசோடு ஒன்று, அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு. கடைசி இரண்டைப் பார்க்கும்போது வசனத்தை விட்டுவிட்டுக் கையைக் கவனியுங்கள். முன்பு தொடத் தயங்காத எதையாவது இப்போது தொடாமல் நகர்கிறாரா? அதை வலப்பக்கத்தில் எழுதுங்கள்.