நகர எல்லைக்கு வெளியே விடப்பட்ட குடியிருப்புக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் பெறுவது எப்படி: கலிஃபோர்னிய வழிமுறை

கலிஃபோர்னியாவில் துலேரி நகரை ஒட்டி மத்தேனி டிராக்ட் என்ற குடியிருப்பு உள்ளது. நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பக்கத்திலேயே இயங்கிவந்தும், அங்குள்ள வீடுகள் செப்டிக் டேங்கை நம்பியே இருந்தன. குழாயில் வந்த நீரில் ஆர்செனிக் கலந்திருந்தது. அக்குடியிருப்பு எந்த நகராட்சியின் எல்லைக்குள்ளும் அடங்காமல், கவுண்டியின் (மாநிலத்துக்குக் கீழுள்ள, மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நேரடி நிர்வாகத்தில் இருந்ததே இதற்குக் காரணம். இத்தகைய பகுதிகள் தற்செயலாக விடுபட்டவை என்று எண்ண வேண்டாம். சில ஊர்களுக்குக் குடிநீர், கழிவுநீர் வசதிகளைச் செய்து தராவிட்டால் அவை காலப்போக்கில் தாமாகவே தேய்ந்துபோகும் என்று துலேரி கவுண்டியின் 1971ஆம் ஆண்டுப் பொதுத் திட்டம் வெளிப்படையாகவே எழுதிவைத்தது.

அப்படி ஒரு பகுதியில் வாழ்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வரைபடம். ஒவ்வொரு கவுண்டியிலும் நகர எல்லைகளை மாற்றும் அதிகாரம் லாஃப்கோ என்று அழைக்கப்படும் ஆணையத்திடம் உள்ளது. ஒரு நகரம் வருங்காலத்தில் எதுவரை விரியலாம் என்பதையும் அந்த ஆணையமே வரையறுக்கிறது. உங்கள் தெரு அந்த எதிர்கால எல்லைக்குள் வருகிறதா என்பதை அதன் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். வெளியே இருந்தால், எல்லையைத் திருத்தக் கோருவதே உங்கள் முதல் வேலை. கூடவே, பன்னிரண்டோ அதற்கு மேலோ பதிவுபெற்ற வாக்காளர்கள் இருந்து, குடும்பங்களின் இடைநிலை வருமானம் மாநில இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால், உங்கள் பகுதி பின்தங்கிய குடியிருப்பாகக் கருதப்படும். அத்தகைய குடியிருப்புகளின் பட்டியலில் உங்கள் பகுதி விடுபட்டிருந்தால் அந்த ஆணையத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். பின்னர் வரும் உரிமைகள் பலவும் இந்தத் தகுதியைப் பொறுத்தவை.

அடுத்து, நீரைச் சோதியுங்கள். தனியார் கிணறுகளை மாநிலம் தொடர்ந்து கண்காணிப்பதில்லை என்பதால், ஆய்வக அறிக்கையை நீங்களே பெற்றாக வேண்டும். ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமையும், நைட்ரேட் (நைட்ரஜன் கணக்கில்) லிட்டருக்கு 10 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. பல வீடுகளின் அறிக்கைகளைத் தேதியோடும் முகவரியோடும் ஒன்றாகத் தொகுத்து வைத்தால், நகர மன்றக் கூட்டத்தில் உங்கள் பேச்சைவிட அந்தத் தாள்களே வலுவாக வாதாடும்.

நகரத்தோடு இணைவதா, இணையாமலே குழாயை மட்டும் பெறுவதா என்பது அடுத்த கேள்வி. உயிருக்கு ஆபத்தான நீரைக் குடிப்பவர்கள் இணைப்பு முடியும்வரை காத்திருக்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. லாஃப்கோவின் ஒப்புதலோடு நகரம் தன் எல்லைக்கு வெளியிலும் குடிநீர் வழங்கலாம். 2015ஆம் ஆண்டுச் சட்டம், தரம் தவறும் குடிநீர் அமைப்பை அருகிலுள்ள அமைப்போடு இணைக்க ஆணையிடும் அதிகாரத்தை மாநில நீர்வள வாரியத்துக்குத் தந்தது. அதன்படி 2016இல் முதல் கட்டாய ஆணை மத்தேனி டிராக்டுக்காகவே துலேரி நகரத்துக்குப் பிறப்பிக்கப்பட்டது. 2014 வறட்சியில் கிணறுகள் வற்றிப்போன கிழக்கு போர்ட்டர்வில்லிலும் பல நூறு வீடுகள் நகரக் குழாயோடு இணைக்கப்பட்டன. இத்தகைய ஒப்பந்தங்களில், பிற்காலத்தில் நகரத்தோடு இணைவதை எதிர்க்க மாட்டோம் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள்.

நகரத்தோடு இணைவதையே விரும்பினால், உங்கள் கையிலுள்ள மிக வலிமையான பிடி நகரத்தின் சொந்த விரிவாக்க ஆசைதான். 2011இல் நிறைவேறிய எஸ்.பி. 244 (மாநில செனட் மசோதா) சட்டப்படி, பின்தங்கிய குடியிருப்பை ஒட்டி 10 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நகரம் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால், அந்தக் குடியிருப்பையும் சேர்ப்பதற்கான விண்ணப்பம் தாக்கல் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆகவே புதிய மனைப்பிரிவுத் திட்டம் எதுவும் வருகிறதா என்று நகரத் திட்டக் குழுவின் நிகழ்ச்சி நிரலை மாதந்தோறும் பாருங்கள். இந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் உண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் மீண்டும் விண்ணப்பிக்கத் தேவையில்லை. குடியிருப்பில் பெரும்பான்மையோர் இணைப்பை விரும்பவில்லை என்பதற்கு எழுத்து ஆதாரம் இருந்தாலும் நகரம் விலகிக்கொள்ளலாம். கருத்தறிய என்று யாராவது படிவத்தோடு வந்தால், எதற்குக் கையெழுத்து என்பது தெளியாமல் இடாதீர்கள்.

விண்ணப்பத்தை நகர மன்றம் தீர்மானம் இயற்றித் தாக்கல் செய்யலாம். பகுதியின் வாக்காளர்களில் 5 விழுக்காட்டினர் கையெழுத்திட்ட மனுவாலும் தொடங்கலாம். 5 விழுக்காடு சட்டத்துக்குப் போதும், ஆனால் உங்களுக்குப் போதாது. வீடு வீடாகச் செல்லும்போது கோழி, ஆடு வளர்க்கத் தடை வருமா, கூடுதலாகக் கட்டிய அறையை இடிக்கச் சொல்வார்களா, குழாய் இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பார்கள். இவை நியாயமான அச்சங்கள். நகரத்திடம் எழுத்தில் பதில் பெற்று, ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களுக்கு அவர்கள் மொழியிலேயே கொண்டுசேருங்கள். சொத்து வரியைப் பங்கிட்டுக்கொள்வது குறித்துக் கவுண்டியும் நகரமும் உடன்படாதவரை விண்ணப்பம் நகராது. இந்த இடத்தில்தான் பல கோரிக்கைகள் முடங்குகின்றன என்பதால், கவுண்டி மேற்பார்வையாளரையும் (கவுண்டியை ஆளும் குழுவின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்) தொடக்கத்திலேயே சந்தியுங்கள்.

ஆணையம் ஒப்புதல் அளித்த பின் எதிர்ப்பு தெரிவிக்க வாய்ப்பளிக்கப்படும். வாக்காளர்கள் குடியிருக்கும் பகுதியில் எழுத்து மூல எதிர்ப்பு 25 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்தலின்றி இணைப்பு நிறைவேறும். 25 அல்லது அதற்கு மேல், ஆனால் 50க்குக் குறைவு எனில் தேர்தல் நடக்கும். 50ஐ எட்டினால் முயற்சி கைவிடப்படும். நகரத்தால் சூழப்பட்ட, 150 ஏக்கருக்கு மேற்படாத தீவுப் பகுதிகளுக்கு இந்தக் கட்டமே இல்லாத குறுக்குவழி உண்டு என்பதால், அங்கு வாழ்பவர்கள் முழு முயற்சியையும் நகர மன்றத் தீர்மானத்தைப் பெறுவதிலேயே செலுத்தலாம்.