வியட்நாம் நகரங்களின் தெருக்களிலும் சந்தைகளிலும் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹனோய்க்கோ ஹோ சி மின் நகரத்துக்கோ செல்லும் பயணிகள் பலர், விடுதியில் காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு பத்து மணிக்குச் சந்தைக்குக் கிளம்புகிறார்கள். அவர்களுடைய பயணத்தில் மிகுதியாக இழக்கப்படுவது இந்த ஒரு தவறால்தான். காய்கறியும் மீனும் இறைச்சியும் விற்கும் குடியிருப்புச் சந்தைகளில் வியாபாரம் விடியும் முன்பே சூடுபிடித்துவிடுகிறது. பத்து மணிக்குச் செல்பவர் பெரும்பாலும் காண்பது கழுவி விடப்பட்ட தரையையும் மிச்சச் சரக்கையும்தான். கன் தோ நகருக்கு அருகிலுள்ள கை ராங் மிதக்கும் சந்தையைப் பார்க்க வேண்டுமானால் காலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் படகில் இருக்க வேண்டும். ஹனோயின் குவாங் பா மலர்ச் சந்தையோ நள்ளிரவுக்குப் பிறகுதான் உயிர் பெறுகிறது. தெருவோர உணவுக்கடைகளும் அப்படித்தான்: பல கடைகள் ஒரே ஓர் உணவை, அதற்குரிய வேளையில் மட்டுமே விற்கின்றன. ஃபோ நூடுல்ஸ் சூப்புக்குக் காலையிலும், கரியில் சுட்ட பன்றி இறைச்சியுடன் வரும் "புன் சா" என்ற உணவுக்கு நண்பகலிலும் செல்வதே நல்லது. மதிய உணவுக்குப் பின் சிறிது நேரம் கண்ணயர்வது அங்கு வழக்கம் என்பதால், அந்த நேரத்தில் கடைக்குள்ளேயே படுத்திருக்கும் வியாபாரியை வெறும் விலை கேட்பதற்காக எழுப்பக் கூடாது.

அடுத்தது சாலையைக் கடப்பது. சிக்னல் இல்லாத இடத்தில் இருசக்கர வாகனங்களின் ஓட்டம் முழுவதுமாக நிற்கும் என்று காத்திருப்பது வீண். வண்டி ஓட்டுபவர்கள் நடப்பவரின் வேகத்தைக் கணித்து அவருக்கு முன்னாலோ பின்னாலோ விலகிப் போகிறார்கள். அந்தக் கணிப்பைக் குலைப்பவை திடீர் ஓட்டமும், நடுச்சாலையில் நின்றுவிடுவதும், எல்லாவற்றையும்விட ஆபத்தாகப் பின்வாங்குவதும். ஆகவே மெதுவாக, ஒரே சீரான நடையில், வரும் வண்டிகளைப் பார்த்தபடியே கடக்க வேண்டும். ஆனால் பேருந்துக்கும் லாரிக்கும் காருக்கும் இந்த முறை பொருந்தாது. அவற்றால் அப்படி வளைந்து போக முடியாது என்பதால், அவை கடந்து செல்லும்வரை காத்திருப்பதே சரி. ஒருவழிப் பாதையிலும் எதிர்த்திசையில் வண்டி வரக்கூடும், நெரிசல் நேரத்தில் நடைபாதையிலேகூட ஏறி வரும்.

புகழ்பெற்ற இடங்களோடு நின்றுவிடுவதும் தவறு என்றே கருதுகிறேன். ஹோ சி மின் நகரின் பென் தான் சந்தை 1914இல் திறக்கப்பட்ட அழகிய கட்டடம். ஆனால் இன்று அதன் பல கடைகள் வெளியூர்ப் பயணிகளை நம்பியே இருக்கின்றன. நகர மக்களின் வணிகத்தைப் பார்க்க விரும்புபவர் சீனர்கள் நிறைந்த சோலோன் பகுதியில், குவாக் டாம் என்ற சீன வணிகர் கட்டித்தந்த பின் தாய் சந்தைக்குச் செல்லலாம். அது மொத்த வியாபாரச் சந்தை. ஒரே ஒரு பொருள் கேட்டால் சிலர் தர மறுப்பார்கள், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பென் தானுக்குச் செல்லும் தமிழர்கள் சிறிது தூரம் நடந்தால் ட்ருவோங் தின் தெருவில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலைக் காணலாம். இன்று அங்கு ஊதுவத்தியோடு வணங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனருமே. அதைப் பாராமல் திரும்புவது பேரிழப்பு.

ஹனோயின் பழைய நகரில் "36 தெருக்கள்" என்று சொல்லப்படுவதை ஒரே மணி நேரத்தில் பேட்டரி காரில் சுற்றி முடிப்பவர்கள் ஒன்றையும் பார்ப்பதில்லை. ஹாங் தியெக் தெருவில் தகரம் தட்டும் தொழிலையும், லான் ஓங் தெருவில் மூலிகைக் கடைகளையும், இலையுதிர்கால நிலா விழாவை ஒட்டிச் சென்றால் ஹாங் மா தெருவின் விளக்குகளையும் நின்று பார்க்க ஒரு முழு மாலை போதாது. வெள்ளிக்கிழமை மாலை முதல் ஞாயிறு இரவு வரை ஹொவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. அப்பகுதியில் அறை எடுப்பவர்கள் பெட்டிகளோடு நடக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். வீடுகளை உரசிக்கொண்டு ரயில் செல்லும் தெருவில், காவலர் தடுத்துள்ள பகுதிக்குள் படத்துக்காக நுழையவே கூடாது.

சந்துகளில் முகவரி தேடும்போது சாய்கோட்டைக் கவனியுங்கள்: 120/15 என்றால் பெருந்தெருவின் 120ஆம் எண்ணில் பிரியும் சந்துக்குள் 15ஆம் எண் வீடு. 2025 ஜூலை 1 முதல் மாவட்ட அளவிலான நிர்வாகம் நீக்கப்பட்டுவிட்டதால் பழைய வழிகாட்டி நூல்களிலுள்ள வட்டப் பெயர்கள் பல மாறியிருக்கின்றன, ஆயினும் ஹோ சி மின் நகர மக்களின் பேச்சில் பழைய மாவட்ட எண்களே வழங்குகின்றன. சந்து வீடுகளின் முன்னறை திறந்தே இருக்கும். அது அவர்களுடைய கூடம். கேட்காமல் அதற்குள் கேமராவை நீட்டுவது அநாகரிகம். பெருந்தெருக்களில் கைபேசியைச் சாலைப் பக்கமாகப் பிடித்தபடி வரைபடம் பார்க்காதீர்கள், வண்டியில் வருபவர்கள் பறித்துச் செல்வதுண்டு.

பேரம் பேசலாம், ஆனால் அதிகாலையில் எச்சரிக்கை தேவை. நாள் முழுவதற்குமான வியாபாரம் முதல் போணியைப் பொறுத்தது என்ற நம்பிக்கை அங்கும் ஆழமாக உண்டு. கடை திறந்ததும் போய் நெடுநேரம் பேரம் பேசி, வாங்காமல் திரும்பும் வாடிக்கையாளரைக் கெட்ட சகுனமாகவே கருதுவார்கள். வாங்கும் எண்ணம் உறுதியாக இல்லையென்றால் சற்றுத் தாமதித்துச் செல்லுங்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறும் முன்பும், பழக்காரர் தமது காவடித் தடியை உங்கள் தோளில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லும் முன்பும் எவ்வளவு என்று கேட்டுவிட வேண்டும். விலை "50" என்றால் வியட்நாம் நாணயத்தில் 50,000 டாங். 20,000, 500,000 நோட்டுகள் இரண்டுமே நீல நிறம் என்பதால் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

சைவ உணவு உண்பவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்வது போதாது. வதக்கிய கீரையிலும் மீன்சாறு சேர்ந்திருக்கக்கூடும். "அன் சாய்" என்று சொன்னால் பௌத்த முறையிலான சைவ உணவு என்று புரிந்துகொள்வார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பல பௌத்தர்கள் சைவம் உண்பதால் அந்த நாட்களில் சைவக் கடைகள் நிரம்பிவிடும். நண்பகலுக்குச் சற்று முன்பே சென்றால் இடம் கிடைக்கும்.